பிராம் நைட்டில் ரத்தம்தான் குறையா?

2008 ஏப்ரல் 11ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான 'பிராம் நைட்' என்ற திகில் பட மறுஆக்கத்தை, வழக்கமாக நடக்கும் பத்திரிகையாளர் காட்சியில் முன்கூட்டியே காட்டாமல், விநியோக நிறுவனமான ஸ்கிரீன் ஜெம்ஸ் நேரடியாகப் பார்வையாளர்களிடம் கொண்டுபோனது. விமர்சகர்கள் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்து எழுதி முடிப்பதற்குள் முதல் வார இறுதி பாதி கடந்துவிட்டது. அந்த மூன்று நாட்களில் படம் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்து முதலிடம் பிடித்தது. தயாரிப்புச் செலவாகச் சொல்லப்பட்ட தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். விமர்சனங்களோ கடுமையாக இருந்தன. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பிடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அதன் மதிப்பீடு இன்றுவரை 10 விழுக்காட்டைத் தொடவில்லை. அண்மையில் 1980ஆம் ஆண்டு மூலப் படத்தையும் இந்த மறுஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு அந்த விமர்சனங்களைத் தேடிப் படித்தபோது, தீர்ப்பு சரியென்றும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பெரும்பாலும் தவறென்றும் எனக்குத் தோன்றியது.

அன்று பரவலாக முன்வைக்கப்பட்ட குற்றச்சாட்டு பிஜி-13 என்ற வயதுவரம்புச் சான்று பற்றியது. 'ஆர்' சான்று பெற்ற படத்துக்கு 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் போக முடியாது. பிஜி-13 படத்துக்கு அந்தத் தடையில்லை. பள்ளி மாணவர்களே முதன்மைப் பார்வையாளர்கள் என்னும்போது எந்தச் சான்றை நிறுவனம் விரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. இதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' மறுஆக்கமும் பிஜி-13தான். அதுவும் முதல் வார இறுதியில் ஏறக்குறைய இதே அளவு வசூலித்தது. ஆகவே 'பிராம் நைட்'டில் கத்தி ஓங்கப்படும். குத்து விழும் நொடியில் காட்சி வெட்டப்படும். கழுத்தறுப்பு நிழலாகவோ பின்னாலிருந்தோ காட்டப்படும். ஒருவன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் ஸ்லாஷர் வகைப் படத்திலிருந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள்.

இந்தக் கேள்வி எனக்குச் சிறிது வேடிக்கையாக இருக்கிறது. மூலப் படம் வந்த 1980இல் திரை விமர்சகர்களான சிஸ்கலும் ஈபர்ட்டும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒரு பகுதி முழுவதையும், பெண்களைத் துரத்திக் கொல்வதையே பொழுதுபோக்காக்கும் இவ்வகைப் படங்களைக் கண்டிக்க ஒதுக்கினார்கள். அன்று ரத்தம் அறக்கேடாகத் தெரிந்தது. 28 ஆண்டுகள் கழித்து அது இல்லாதது நேர்மைக்கேடாகிவிட்டது. அதைவிட முக்கியமானது, மூலப் படத்திலும் ரத்தம் அதிகமில்லை என்பது. மேடையில் உருண்டு வரும் வெட்டுண்ட தலையைத் தவிர, பால் லிஞ்ச் இயக்கிய அந்தக் கனடியப் படத்தில் நினைவில் நிற்கும் கோரம் அரிது. அதன் முதல் ஒரு மணி நேரம் மாணவர்களின் காதல், பொறாமை, நடன ஒத்திகை என்றே நகர்கிறது. கதாநாயகியாக நடித்த ஜேமி லீ கர்டிஸ் ஆடும் டிஸ்கோ நடனம் எந்தக் கொலையையும்விட நீளமானது. அதை நல்ல படம் என்று நான் வாதாட வரவில்லை. பல இடங்களில் அது பொறுமையைச் சோதிக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு முதுகெலும்பு இருந்தது. பாழடைந்த கட்டடத்தில் விளையாடும் நான்கு சிறுவர் சிறுமியர் இன்னொரு சிறுமியை அச்சுறுத்திப் பின்வாங்க வைக்க, அவள் சன்னல் வழியே விழுந்து இறக்கிறாள். நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்துகொள்கிறார்கள். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, பள்ளி இறுதி நடன விருந்தன்று, அந்த நால்வரின் வீட்டுத் தொலைபேசிகள் ஒலிக்கின்றன. கொலையாளி யார் என்ற கேள்வியும், சாகிறவர்கள் முழு நிரபராதிகள் அல்லர் என்ற உறுத்தலும் சேர்ந்தே நம்மை இழுத்துச் செல்கின்றன. கடைசியில் முகமூடிக்குள் இருப்பவன் இறந்த சிறுமியின் சகோதரன், அதாவது கதாநாயகியின் தம்பி என்று தெரியும்போது, வெற்றி பெற்றவளே அழ வேண்டியிருக்கிறது.

நெல்சன் மெக்கார்மிக் இயக்கிய மறுஆக்கம் தலைப்பையும் நடன விருந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் கைவிட்டது. டோனா என்ற மாணவிமீது வெறிகொண்ட ஆசிரியர் ஒருவர் அவளுடைய குடும்பத்தைக் கொல்கிறார். தாய் சாவதை அவள் கட்டிலுக்கடியிலிருந்து பார்க்கிறாள். மூன்றாண்டுகள் கழித்து அவர் சிறையிலிருந்து தப்பி, விருந்து நடக்கும் ஓட்டலுக்கே வந்து சேர்கிறார். யார், ஏன் என்பவை முதல் பத்து நிமிடங்களுக்குள் தெரிந்துவிடுகின்றன. டோனாவோ அவளுடைய நண்பர்களோ எந்தத் தவறும் செய்யாதவர்கள். அறைக்குப் போனதைத் தவிர அவர்கள் சாவுக்கு வேறு காரணமில்லை.

கொலையாளி யாரென்று முன்பே தெரிந்தால் படம் கெட்டுவிடுமா என்று கேட்கலாம். 1978இன் 'ஹாலோவீன்' அப்படிக் கெடவில்லை. அதிலும் ரத்தம் குறைவுதான். ஆனால் அதன் இயக்குநர் ஜான் கார்பென்டர் தன் கொலையாளியைச் சட்டகத்தின் ஓரத்திலும் பகல் வெளிச்சத் தெருவின் மறுமுனையிலும் நிறுத்தி, பாத்திரங்கள் பார்க்காத ஒன்றை நாம் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செய்தார். மெக்கார்மிக்கின் ஆசிரியரோ தொப்பி அணிந்து, ஓட்டலில் அறை எடுத்து, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். பதற்றம் வளர வேண்டிய இடங்களில், அலமாரிக் கதவைத் திறந்ததும் நண்பர் நிற்பது, கண்ணாடியில் உருவம் தெரிந்து மறைவது போன்ற திடுக்கிடல்களே வருகின்றன. ஆபத்து நெருங்கியிருப்பதை அறிந்த காவல்துறை அதிகாரி, இட்ரிஸ் எல்பா போன்ற ஒரு நடிகர் அந்த வேடத்தில் இருந்தும், அதைச் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் சொல்லாமல் கூடத்தில் ஆள் நிறுத்திக் காத்திருக்கிறார். இந்தக் குறைகளில் ஒன்றையும் 'ஆர்' சான்று சரிசெய்திருக்காது. கழுத்தறுப்பை முழுமையாகக் காட்டியிருந்தால் இதே மந்தமான காட்சிகள் சிவப்பாக இருந்திருக்கும், அவ்வளவே.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. மாணவியைப் பின்தொடரும் ஆசிரியர் என்பது முகமூடி அணிந்த கொலையாளியைவிட அச்சமூட்டும் கரு. பள்ளியில் அதிகாரம் பெற்ற ஒருவரைப் பற்றிப் புகார் சொல்லும் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைப் படமாக்க வேறு எதுவும் வேண்டியதில்லை. அந்தக் கருவை முன்கதையில் வைத்துவிட்டு, அதைத் தூங்கி எழும் கெட்ட கனவாகவும் மருந்துக் குப்பியாகவும் சுருக்கியதற்காக இந்தப் படம் கண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கிடைத்த விமர்சனங்களில் ரத்தத்தின் அளவு பற்றிய வரிகளே அதிகம்.

அடுத்த ஆண்டே அதே இயக்குநரும் அதே திரைக்கதையாசிரியரான ஜே. எஸ். கார்டோனும் அதே நிறுவனத்துக்காக 'தி ஸ்டெப்ஃபாதர்' படத்தை மறுஆக்கம் செய்தார்கள். மீண்டும் பிஜி-13, மீண்டும் மோசமான விமர்சனங்கள். 1987இன் மூலத்திலும் கொலையாளி யாரென்பது முதல் காட்சியிலேயே தெரியும். ஆயினும் டெர்ரி ஓ'க்வின் நடித்த அந்தத் தந்தை, ஒரு குடும்பத்தைக் கொன்ற கையோடு முகம் மழித்து, உடை மாற்றி, சிதறிக் கிடக்கும் பொருட்களை ஒழுங்குபடுத்திவிட்டுப் படியிறங்கி வருகிறார். அந்த மனிதர் அடுத்து எந்த வீட்டின் உணவு மேசையில் உட்காரப் போகிறார் என்ற கேள்வியிலேயே பார்வையாளர் சிக்கிக்கொள்கிறார்.