போர் வேலைக்கு முன் அளவு பாருங்கள்

மோட்டார் சைக்கிள் இன்ஜினிலிருந்து புகையோ சத்தமோ வரத் தொடங்கிவிட்டால், "போர் போயிருச்சு, இன்ஜினை இறக்கிரலாம்" என்ற தீர்ப்பு பட்டறைகளில் மிக எளிதாகக் கிடைத்துவிடுகிறது. போர் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் துளை; அது தேய்ந்தால் கடைந்து பெரிதாக்குவதுதான் போர் வேலை. பால் ஊற்றுபவருக்கும் கொரியர் கொடுப்பவருக்கும் வண்டிதான் பிழைப்பு. அவர்கள் தேவையில்லாமல் ஒரு போர் வேலைக்குப் பணம் கட்டுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நம் சாலைகளில் அதிகம் ஓடும் ஸ்ப்ளெண்டரை வைத்தே சொல்கிறேன்: 97.2 சிசி, 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம்), காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர்.

புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம் அதிகம் சொல்லும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்பரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தால் போதும். நீலம் கலந்த புகைதான் ஆயில் எரிவதற்கு அடையாளம். அது காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டாலோ, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் முறுக்கும்போது குப்பென்று வந்தாலோ, வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுப்பது) அல்லது கைடு (அந்தத் தண்டு ஓடும் குழல்) வழியாக ஆயில் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பக்கம் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் பக்கம்) உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உள்ளே இழுத்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும், பாரம் இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைத்தால்தான் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்), போர் என்ற பேச்சுக்கே வர வேண்டும். என் சித்தப்பாவின் வண்டிக்கும் போர் வேலைதான் என்று சொல்லியிருந்தார்கள். புகை காலையில் மட்டுமே வந்ததால் வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்த்தோம். இன்டேக் வால்வின் சீல், நகத்தால் கீறினால் உதிரும் அளவுக்கு இறுகிப் போயிருந்தது. அதை மாற்றியதோடு புகை நின்றது.

கம்ப்ரெஷன் (பிஸ்டன் நெருக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைந்திருந்தால், பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் என்று முடிவு செய்யும் பழைய வழக்கம் நல்லதுதான். ஆனால் ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் ஏறக்குறைய படுத்திருப்பதால் விட்ட ஆயில் பிஸ்டனைச் சுற்றிச் சமமாகப் பரவாது. இந்தச் சோதனையை மட்டும் நம்பி இன்ஜினைப் பிரிக்கக் கூடாது.

சிலிண்டர் பிளாக்கைக் கழற்றிய பிறகு கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில்தான் அது மிக அதிகம். ஆகவே போர் கேஜை (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் குறுக்காகக் கடக்கும் தண்டு) நேராகவும் குறுக்காகவும் வைத்து ஆறு அளவுகள் எடுத்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் தரும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். ரிங்கை போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) பார்ப்பது எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடியது. போர் எல்லைக்குள் இருந்து ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங் மட்டும் போதும். போர் நீள்வட்டமாகிவிட்ட பின்னும் செலவைக் குறைக்கப் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு: வட்டமான ரிங் அந்தச் சுவரில் முழுமையாக ஒட்டாது, சீக்கிரமே புகை திரும்பிவிடும்.

இடது பக்கத்துச் சலசலப்பு பெரும்பாலும் வால்வுகளை இயக்க உதவும் டைமிங் செயின். செயினை மட்டும் மாற்றிவிட்டு, இறுகிப்போன ரப்பர் ரோலர்களை அப்படியே விடுவது அரைகுறை வேலை. கிளட்ச் வழுக்கினால் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிளின் ஃப்ரீ ப்ளேயையும் (லீவரில் இருக்க வேண்டிய சிறு தளர்வு), காருக்கான ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கவும்.

கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. பிக் எண்டில் (ராட் கிராங்கோடு சேரும் முனை) பக்கவாட்டு ஆட்டம் ஓரளவு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கும்போது கையில் ஒரு தட்டு தெரிந்தால், அது மிகச் சிறியதாக இருந்தாலும் கிராங்கைப் பிரித்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு ஓட்டினால், ஓடும்போதே ராட் உடைந்து கிராங்க் கேஸையும் உடைத்துவிடக்கூடும்.

போரின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்றால், 0.25, 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்களில் பொருந்துவதை முதலில் வாங்கி, அந்த பிஸ்டனை லேத்தில் கையில் கொடுத்த பிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். எந்த பிஸ்டன் ஓடப்போகிறதோ அதை அளந்துதான் இடைவெளி விட வேண்டும். வேலை முடிந்து வண்டியைப் பதமாக ஓட்டி, முதல் 500 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றும்போது அதில் மெல்லிய உலோகப் பொடி மினுங்கினால் பதற வேண்டாம். புது ரிங் போரில் படியும்போது அது வருவதுதான்.