நிற்காத விக்கல்

விக்கல் என்று ஓ.பி.க்கு வருகிறவர்கள் பாதி வெட்கத்தோடுதான் உட்காருவார்கள். சர்க்கரை, தண்ணீர், தேனில் குழைத்த மயிலிறகுச் சாம்பல், "என் பர்ஸை ஏண்டா எடுத்தே?" என்று திடுக்கிட வைப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் முறை. பெரும்பாலும் வயிற்று உப்புசம், தானே அடங்கிவிடும். 48 மணி நேரம் தாண்டிய விக்கலை மட்டும் நான் சும்மா விடுவதில்லை.

சர்ஜரி வார்டிலிருந்து மெடிசின் ஒப்பீனியனுக்கு ஒரு கல்லூரிப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரமாக விக்கல், கூடவே வாந்தி. எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, வயிற்று ஸ்கேனும் ஆயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. பெயரைச் சொல்வதற்குள் இரண்டு முறை தூக்கிப் போட்டது.

"தூக்கத்துல நிக்குதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க சார்... தூங்குறப்பவும் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது."

மனப் பதற்றத்தால் வரும் விக்கல் பொதுவாகத் தூக்கத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதினேன். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் பின்புறம், வாந்தியைத் தூண்டும் இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள், அதாவது உடல் தன் நரம்பு மண்டலத்தையே தாக்க உண்டாக்கும் புரதம். நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா! கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடிய நோய், சிலருக்கு விக்கலும் வாந்தியுமாகத்தான் தொடங்கும். இந்த எதிர்ப்பொருள் தெரியவந்ததே 2004-ல்தான். ஸ்டீராய்டு ஊசி ஏறிய சில நாட்களில் விக்கல் நின்றது. அதுவரை கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மறுபடி தாக்காமலிருக்கத் தொடர்ந்து மருந்து எடுத்தாக வேண்டும் என்பதை அந்த அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "அதான் விக்கல் நின்னுடுச்சே சார்!"

மூளைத்தண்டிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் வரை போகும் நரம்புப் பாதையில் எங்கே உரசினாலும் விக்கல் வரும். ஈரலில் சீழ்க்கட்டி, ரத்தத்தில் ஏறிய யூரியா, இறங்கிய சோடியம், ஏன், காதுச் சவ்வைத் தொடும் ஒரு முடிகூடப் போதும். இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல் அட்டாக் வருவதும் உண்டு. அதனால் ஐம்பது தாண்டிய சர்க்கரைக்காரர் விடாத விக்கலோடு வந்தால் முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் மாத்திரை. விக்கலுக்கு வழக்கமாகத் தரும் குளோர்புரோமசின் பிரஷரை இறக்கிவிடும். வயதானவர்களைப் படுக்கவைத்துத்தான் ஊசி போடச் சொல்வேன்.