பிள்ளைகள் பேசி வளர்த்த எபிரேயம்

எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டவர் என்றால் எலியேசர் பென் யெஹூதாவின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஜெருசலேமில் அவர் குடியிருந்த எத்தியோப்பியத் தெருவின் உயர்ந்த கல்மதில்களுக்கிடையே நடந்தபோது, எனக்கும் அவருடைய பிடிவாதத்தின் மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. 1881இல் பாலஸ்தீனம் வந்து சேர்ந்த அவர், மறு ஆண்டு பிறந்த மகனின் காதில் வேறெந்த மொழியும் விழக்கூடாது என்று வீட்டில் விதி வகுத்தார். அந்தப் பிள்ளை வெகுகாலம் வாய் திறக்கவே இல்லை என்பார்கள். புனித மொழியை அன்றாடப் புழக்கத்துக்கு இழுக்கிறார் என்று வைதீகர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, பொதுமொழி இல்லாத வெவ்வேறு நாட்டு யூதர்கள் அந்நகரக் கடைவீதியில் எபிரேயத்தில்தான் ஓரளவு பேசிச் சமாளித்து வந்தார்கள். எழுத்திலும் வழிபாட்டிலும் அது என்றுமே அற்றுப்போனதில்லை. அதைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள்தாம் இல்லை.

அந்தக் குழந்தைகள் உருவான இடத்தைக் காண டெல் அவீவுக்குத் தெற்கே ரிஷோன் லெசியோனுக்குப் போனேன். 1882இல் குடியேறிய உழவர்களின் ஊர் அது. பாடங்களை எபிரேயத்திலேயே நடத்தும் பள்ளி 1886இல் இங்கேதான் தொடங்கியது. ஹவீவ் என்னும் பெயரில் இன்றும் நடக்கிறது. பள்ளி விட்ட நேரத்தில், பேரனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்ட ஒரு மூதாட்டி ரஷ்ய மொழியில் ஏதோ கேட்க, அவன் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தபடியே எபிரேயத்தில் பதில் சொன்னான். அக்காலத்துப் பிள்ளைகளும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ் பேசிய பெற்றோரிடம் இப்படித்தான் பேசியிருப்பார்கள். ஆசிரியர்களிடம் பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை. உச்சரிப்பிலும் ஒற்றுமை இல்லை. 1903இல் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் கூடிச் சங்கம் அமைத்த ஆசிரியர்கள், ஸ்பெயின் வழிவந்த யூதர்களின் செபராது மரபு உச்சரிப்பை ஏற்றார்கள். 1916-18 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் இருந்த யூதர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் எபிரேயம் பேசுவோராகப் பதிவாயினர். இந்த வெற்றியில் பெரும்பங்கு, பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களுக்கும் அவர்களின் மாணவர்களுக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். தலைமுறைகளின் தாலாட்டு மொழியான யிட்டிஷை இழிவாகப் பேசி ஒதுக்கியதும் இதே இயக்கம்தான் என்பது என்னை வருத்துகிறது.

ஹைஃபாவில், டெக்னியான் என்னும் பொறியியல் கல்வி நிறுவனத்தின் பழைய கட்டடம் இப்போது அறிவியல் அருங்காட்சியகமாக இருக்கிறது. முகப்பில் ஐன்ஸ்டைன் 1923இல் நட்ட பேரீச்சை நிற்கிறது. இங்கே அறிவியலை ஜெர்மனில்தான் கற்பிக்க வேண்டும் என்று, பொருளுதவி செய்த பெர்லின் யூத அமைப்பு 1913இல் முடிவெடுத்தபோது, அதே அமைப்பு நடத்திய பள்ளிகளிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாக வெளியேறிப் புதிய எபிரேயப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். இடையில் உலகப் போர் வந்தது. 1924இல் வகுப்புகள் தொடங்கியபோது பொறியியலை எபிரேயத்திலேயே நடத்தினார்கள்.