சாய்ந்த மரத்தில் ரம்பம் வைக்கும் முன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்பு வைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்குக் குடிநீருக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது மரம் அறுக்கும் மெஷின்தான். அதுவரை மரவாடியிலும் தொழில்முறை மரவெட்டிகளிடமும் மட்டுமே பார்த்திருந்த சங்கிலி ரம்பம், அதை ஒருநாளும் தொட்டிராதவர்களின் கைக்கும் அப்போது வந்து சேர்ந்தது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சாய்ந்த தென்னையை அப்படியே போட்டுவைத்தால், மட்கும் தண்டுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கும். காயம்பட்ட மரங்களைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டும் வரும். ஆகவே அறுத்து அகற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், சங்கிலி ரம்பத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பதற்குப் புயல் அடித்த தோப்பைவிட மோசமான இடம் வேறில்லை.

மெஷினோடு வரும் கையேடும் கடைக்காரர் காட்டும் செய்முறையும் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் மரத்தையோ தரையில் சமமாகக் கிடக்கும் கட்டையையோ மனத்தில் கொண்டவை. புயலில் சாய்ந்த மரம் இந்த இரண்டிலும் சேராது. அதன் ஒரு முனை வேரில் மாட்டியிருக்கும், நடுப்பகுதி இன்னொரு மரத்தின் மீதோ வரப்பின் மீதோ படிந்திருக்கும், கொண்டை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு அசையாமல் கிடந்தாலும், அதன் எடை முழுவதும் எங்கோ ஓரிடத்தில் நாரை இழுத்துக்கொண்டும் வேறோர் இடத்தில் நாரை நெருக்கிக்கொண்டும் இருக்கிறது. அந்த இழுவை எந்தப் பக்கம், நெருக்கம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ரம்பத்தை வைப்பவர், மரம் எப்போது எந்தத் திசையில் துள்ளும் என்பதைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிடுகிறார். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது தலைக்கவசத்திலிருந்தும் கையுறையிலிருந்தும் தொடங்குவதுதான் வழக்கம். நான் இந்தப் பார்வையிலிருந்து தொடங்கவே விரும்புகிறேன், ஏனெனில் துள்ளி வரும் தண்டை எந்தக் கவசமும் தடுப்பதில்லை.

இதைக் கணிப்பது கடினமன்று. இரண்டு முனைகளும் எதன் மீதோ தாங்கி, நடுவில் அந்தரமாக நிற்கும் தண்டில் மேற்பக்கம் நெருக்கமும் அடிப்பக்கம் இழுவையும் இருக்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடி, சங்கிலி ஓடும் நீண்ட தகடாகிய பாரைக் கவ்விக்கொள்ளும். மாறாக ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை தொங்குமானால் மேற்பக்கம் இழுவையில் இருக்கும். அங்கே மேலிருந்து ஒரேயடியாக அறுத்தால் தண்டு பாதியிலேயே பிளந்து, நீளவாக்கில் கிழிந்து, மேல்நோக்கி எழும்பக்கூடும். இரண்டு நிலைக்கும் முறை ஒன்றுதான். நெருக்கமுள்ள பக்கத்தில் முதலில் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அறுத்துவிட்டு, பிறகு இழுவையுள்ள பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, முதல் வெட்டைச் சந்திக்க வேண்டும். எந்தப் பக்கம் எது என்ற ஐயம் வந்தால் ஒரு சிறு கீறல் போட்டு, வாய் விரிகிறதா சுருங்குகிறதா என்று பார்த்தால் போதும். சுருங்கத் தொடங்கியதும் பாரை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆப்பு இரண்டு எப்போதும் அருகில் இருக்கட்டும், அவை இரும்பாக இல்லாமல் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கட்டும். சங்கிலி பட்டாலும் பல் போகாது.

பக்கவாட்டில் வளைந்து சிக்கியிருக்கும் மரம் இவற்றைவிடக் கொடியது. இரண்டு தென்னைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டு வளைந்து நிற்கும் இளம் பூவரசையோ வேம்பையோ நாணேற்றிய வில்லாகவே கருத வேண்டும். விடுபடும்போது அது வளைவின் வெளிப்பக்கம் நோக்கித்தான் வீசும்; எனவே அறுப்பவர் வளைவின் உட்பக்கத்தில் நின்றுகொண்டு, உட்பக்க நாரைச் சிறிது சிறிதாகச் சீவி, அதன் விசை மெல்ல அடங்கும்படி செய்ய வேண்டும். வெளிப்பக்கத்தில் நின்று ஒரே வெட்டில் முடிக்க நினைப்பவரின் தாடையை அது நேராகத் தேடி வரும்.

வேரோடு பெயர்ந்த மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணோடு சேர்ந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் வேர்த்தட்டு, தண்டின் எடையால்தான் அந்த நிலையில் நிற்கிறது. தண்டை அறுத்த நொடியில் அந்த எடை நீங்கிவிடுவதால், வேர்த்தட்டு பழைய குழிக்குள்ளேயே திரும்பி விழலாம், அல்லது அறுப்பவர் பக்கம் சாயலாம். மழைக்காலத்தில் இளகிய மணலில் இது எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் அரிது. பிள்ளைகள் விளையாடுவதும் ஆடுகள் ஒதுங்குவதும் அந்தக் குழிக்குள்தான் என்பதால், மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை சுற்றிவந்து குழிக்குள் எட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடியை ஒட்டி அறுக்காமல், தண்டில் ஒரு ஆள் உயரத்துக்குக் குறையாமல் விட்டு அறுப்பது நல்லது. பெரிய வேர்த்தட்டாக இருந்தால் ஜேசிபியின் கொண்டியால் அதைத் தாங்கிப் பிடித்த பிறகுதான் ரம்பத்தை வைக்க வேண்டும். வாடகை கூடும் என்று தயங்குபவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறேன்.

இனி மெஷினுக்கு வருவோம். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. பாரின் அடிவிளிம்பால் அறுக்கும்போது மெஷின் நம்மை மரத்தை நோக்கி இழுக்கும். மேல்விளிம்பால் அறுக்கும்போது நம்மை நோக்கித் தள்ளும். இவை இரண்டும் பழகிக்கொள்ளக்கூடியவை. பழக முடியாதது பார் முனையின் மேற்பாதி. அந்தப் பகுதி எதிலாவது பட்டால், சங்கிலி அதைக் கவ்விக்கொண்டு, பாரை மேல்நோக்கியும் அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கியும் உதைத்துவிடுகிறது. கை சுதாரிப்பதற்குள் அது முடிந்துவிடும். சுத்தமான களத்தில் கிடக்கும் கட்டையில் இந்த ஆபத்து குறைவு. மட்டையும் பாளையும் ஒடிந்த கிளையும் குவிந்து கிடக்கும் புயல் தோப்பில், அறுக்கும் தண்டுக்கு அந்தப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் முனை இடிப்பது சர்வசாதாரணம். அதனால்தான் அறுப்பதற்கு முன் மறுபக்கத்தையும் அரிவாளால் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறேன். இடது கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைத்துக்கொள்கிறார்கள், உதைத்தால் அந்தப் பிடி நிற்காது. தலையும் உடலும் பார் செல்லும் நேர்கோட்டுக்குச் சற்று இடப்புறமாக இருக்க வேண்டும். தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது.

முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்புத் தகடுதான் செயின் பிரேக்கை இயக்குகிறது. நல்ல மெஷின்களில், உதைப்பின் அதிர்விலேயே அது தானாக விழுந்து சங்கிலியை நிறுத்திவிடும். அன்றாடம் வேலை தொடங்கும் முன் மெஷினை ஓடவிட்டு, தகட்டை முன்னே தள்ளி, சங்கிலி உடனே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புயலுக்குப் பின் மலிவு விலையில் வந்திறங்கிய மெஷின்களில் இந்தத் தகடு ஒடிந்தும் கழற்றி வீசப்பட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடைஞ்சலாக இருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். அப்படிப்பட்ட மெஷினை இரவல் தந்தால்கூட நான் வாங்கமாட்டேன்.

தென்னைக்கென்று சில குணங்கள் உண்டு. வெளிவட்டம் இரும்புபோல் இறுகியும் நடுப்பகுதி பஞ்சுபோல் இளகியும் இருப்பதால், கடினமான பகுதியைத் தாண்டியதும் மெஷின் திடீரென்று உள்ளே பாயும். தண்டில் உள்ள சிலிக்காவும் பட்டையில் ஒட்டிய மணலும் பல்லை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய சங்கிலி அறுக்காது. அறுக்கவில்லையே என்று ஆள் அழுத்துவார். அழுத்தும் கைக்குக் கட்டுப்பாடு குறையும். தூள் பொடிமாவாக விழத் தொடங்கினால் நிறுத்திவிட்டு அரம் போட வேண்டும் என்பதே அடையாளம். கூர்மையான சங்கிலி சீவலாகத்தான் தள்ளும். எட்டில் மூன்று அங்குலப் பிட்ச் (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அளவு) உள்ள பெரிய சங்கிலிக்குப் பெரும்பாலும் 5.2 மில்லிமீட்டர் உருட்டு அரமும், 0.325 அங்குலப் பிட்ச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் பொருந்தும்; 30 பாகை சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டைச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைப்பது வழக்கம். அதிகம் அறுக்கட்டும் என்று அதை மேலும் தேய்ப்பவர்கள், உதைப்பை விலைகொடுத்து வாங்குகிறார்கள். இன்று நாம் தேய்க்கும் இந்தப் பல்லின் வடிவம், மரத்தை இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துச் செல்லும் ஒரு வண்டுப் புழுவின் தாடையைக் கவனித்து அமெரிக்க மரவெட்டியான ஜோசப் காக்ஸ் 1940களில் உருவாக்கியது. வண்டுக்கு அஞ்சி மரத்தை அறுக்கும் எங்களுக்கு அதில் ஒரு வேடிக்கை தெரியாமல் இல்லை.

தென்னைத் தூள் நாராக இருப்பதால் பல்சக்கர மூடிக்குள்ளும் காற்று வடிகட்டியிலும் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றும் போதெல்லாம் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். கலவை அளவு மெஷின் கையேட்டில் சொல்லியபடி. பல மெஷின்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்). எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும், ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பீடி பற்றவைத்தவர் அருகில் வரக் கூடாது. மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது கால் முனையை நுழைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுப்பதே முறை. ஒரு கையில் மெஷினைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றை இழுப்பது வீரம்போல் தெரியும், தொடைக்கும் சங்கிலிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

உடையைப் பற்றிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். மடித்துக் கட்டிய கைலியும் வெறுங்காலுமாக மெஷின் பிடிப்பவர்களே அதிகம். சங்கிலி பட்டவுடன் உள்ளே இருக்கும் நீளமான இழைகள் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும் கால்கவசங்கள் இருக்கின்றன. அவற்றில் ‘கிளாஸ் 1’ என்று குறிக்கப்படும் கவசம் நொடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்தில் சோதிக்கப்பட்டது. நம் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நிற்பது துன்பம்தான், மறுக்கவில்லை. காலையில் வெயில் ஏறும்வரையிலும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் அறுத்தால் தாங்கலாம். அதை வாங்க முடியாதவர் குறைந்தபட்சம் முழுக்கால் சட்டை, தடித்த பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பு ஆகியவற்றையாவது விடக் கூடாது. மெஷின் ஓசை 100 டெசிபெலைத் தாண்டும். காதில் வைத்த பஞ்சு அதற்குப் போதாது.

மின்கம்பி பட்ட மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி அறுந்து கிடந்தாலும், ஊரே இருட்டாக இருந்தாலும், மின்வாரிய ஆள் வந்து துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை அந்த மரத்தைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வருவதுண்டு.

கொண்டை முறிந்து நிற்கும் தென்னையையும், விழாமல் இன்னொரு மரத்தில் சாய்ந்து சிக்கியதையும் தனியாள் அறுக்க முயலக் கூடாது. மற்ற மரங்களில் சாயும் பக்கம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் அறுத்து, நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விட்டால், அந்தப் பட்டிதான் மரம் விழும் திசையைப் பிடித்துக்கொள்ளும். தென்னையில் அதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. எனவே உயரத்தில் வடம் கட்டி, மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நின்று இழுக்க ஆட்கள் வேண்டும். அறுப்பவர் விலகி ஓடுவதற்கு, விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்வாக ஒரு வழியை முன்பே வெட்டிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். சிக்கிய மரத்துக்குக் கீழே நின்று, அதைத் தாங்கும் மரத்தை அறுத்து இரண்டையும் ஒன்றாக வீழ்த்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மெஷினை அணைத்துவிடுவதே மேல்.

வேலை முடிந்ததும் சங்கிலியைச் சற்றுத் தளர்த்திவைக்க வேண்டும். சூட்டில் நீண்ட சங்கிலி ஆறும்போது சுருங்கிப் பாரை இறுக்கும். நீண்ட நாள் வைக்கப்போகிறோம் என்றால் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, மீதியும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பாருக்கு உறை போட்டு வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே அதை ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பிரேக்கைச் சோதித்து, அரமும் ஆப்பும் ஒரே பையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.