மகளின் ஆட்டிசம் ரிப்போர்ட்டும் அதற்குப் பிறகான என் வாசிப்பும்

என் மகளின் ரிப்போர்ட்டில் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 2' என்று இருந்தது. மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் அன்றைக்கு இருந்த மனநிலையில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினால் ஆட்டிசம், ஆஸ்பெர்கர், பி.டி.டி. (பரவலான வளர்ச்சிக் குறைபாடு) என்று இடத்துக்கு இடம் ஒவ்வொரு பெயர். எது என் பிள்ளையைப் பற்றியது என்றே பிடிபடவில்லை. இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக, எதை எப்படி வாசித்தது எனக்கு உதவியது என்று எழுதுகிறேன்.

எதை வாசித்தாலும் முதலில் அது வெளியான வருடத்தைப் பாருங்கள். பெயர்க் குழப்பம் முக்கால்வாசி அதிலேயே தீர்ந்துவிடும். 1981இல் லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆஸ்பெர்கர் என்ற பெயர் பரவலானது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதைத் தனி வகையாகச் சேர்த்தது. அதே கையேட்டின் 2013 பதிப்பு இந்தத் தனித்தனிப் பெயர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஸ்பெக்ட்ரத்துக்குள் கொண்டுவந்தது. எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதை வைத்து மூன்று லெவல்கள் வந்தன. என் மகளின் ரிப்போர்ட்டில் இருந்த '2' அதுதான். அவள் புத்திசாலியா இல்லையா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பழைய புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சரளமாகப் பேசும், ஆனால் பழகத் திணறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆஸ்பெர்கர் என்ற பெயரில் வந்தவற்றில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. அந்தப் பெயரோடு வளர்ந்த பெரியவர்கள் இன்றும் அதையே வைத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. நான் அதைச் சொல்வதில்லை. அந்தப் பெயருக்குக் காரணமான வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நாஜி ஆட்சிக் காலத்தில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட மருத்துவமனைக்குச் சில குழந்தைகளை அனுப்பிவைத்தார் என்பதை 2018இல் வெளியான ஆவண ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகு என் வாயில் அந்தப் பெயர் வரவில்லை.

வருடத்தைப் பார்க்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது 2013 பதிப்பில்தான் அந்தக் கையேட்டின் அடையாளப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் வந்த பல புத்தகங்களில் இது ஓரமாக வந்துபோகும், அல்லது 'அடம்' என்ற தலைப்பின் கீழ் வரும். என் மகள் புதுச் சட்டை போட்டால் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டு அழுவாள். காலரில் தைத்திருக்கும் லேபிளைத் தையல் பிரித்து எடுத்தோம், அடிநூல்கூட உறுத்தாமல். அழுகை நின்றது. அடத்தை அடக்குவது எப்படி என்ற அத்தியாயத்தை நம்பியிருந்தால் நானும் அவளும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அதேபோல, ஏ.டி.ஹெச்.டி.யும் (கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்) ஆட்டிசமும் ஒரே பிள்ளைக்கு இருக்க முடியாது என்று ஒரு புத்தகம் சொன்னால், அது 2013க்கு முந்தையது என்று புரிந்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் ஏராளம்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது, சொன்னதையே திருப்பிச் சொல்வதைப் பற்றிய வாசிப்பு. தாகம் எடுத்தால் என் மகள் பாட்டில் பக்கத்தில் போய் நின்று, "உனக்குத் தண்ணி வேணுமா?" என்பாள், என் குரலில், என் இழுவையோடு. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது: 'நான்', 'நீ' என்பவற்றைக் கேட்டபடியே திருப்பிச் சொல்கிறார்கள் என்று. பின்னால் வந்த பலர் இதை அர்த்தமில்லாத பழக்கமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். 1980களில் பாரி பிரிசான்ட் போன்ற ஆய்வாளர்கள்தான் இதற்குள் கேட்பது, மறுப்பது, தன்னைத் தானே அமைதிப்படுத்துவது என்று பல நோக்கங்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகு நாங்கள் செய்தது இவ்வளவுதான்: அவள் "உனக்குத் தண்ணி வேணுமா?" என்றதும், அவள் இடத்தில் நின்று "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டு உடனே கொடுப்போம். சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று காக்க வைத்ததில்லை. ஸ்பீச் தெரபிஸ்டும் அதையே சொன்னார். மாடிப்படியில் நின்றுகொண்டு "பாத்து பாத்து, விழுந்துடுவே" என்று அவள் சொன்னால் அவளுக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியவற்றை நிபுணர்களுக்கு முன்பாகவே வாசியுங்கள் என்பேன். டெம்பிள் கிராண்டின் 1986இலேயே தன் கதையை எழுதிவிட்டார். ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரிடம், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். ஆனால் ஒருவரோடு நிறுத்திவிடக் கூடாது. கிராண்டின் படங்களாக யோசிக்கிறார் என்பதற்காக எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று இல்லை. பேச்சு வராதவர்கள் தாங்களே தட்டச்சு செய்து எழுதியவையும் இருக்கின்றன, தேடிப் படியுங்கள். இன்னொருவர் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வரும் சொற்கள் கை பிடித்தவருடையவை என்று சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

என் மாமியார் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, அம்மாக்காரி வேலைக்குப் போனா பிள்ளைக்கு இப்படி ஆகும்னு சொல்றாங்களே?" அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரிய பெரிய படிப்பாளிகளே அதைச் சொன்னவர்கள்தானே! தாயிடம் பாசம் இல்லாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அதற்கு முன்பே, 1964இல், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். 1977இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று காட்டியது. இதையெல்லாம் அத்தைக்கு எடுத்துச் சொன்னேன். "அப்போ உன் தப்பும் இல்ல, என் புள்ள தப்பும் இல்ல, அப்படித்தானே?" என்றார். "ஆமா அத்தை" என்றேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எனக்கு முன்னால் அவர்தான் பதில் சொல்கிறார்.

'குணமாக்குகிறோம்' என்று சொல்பவற்றை வாசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று கிளப்பிவிட்ட 1998 கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று மருந்து ஏற்றியதில் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். யாராவது இப்படி எதையாவது அனுப்பினால் நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். இப்போது நான் வாசிப்பது ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகள் பருவம் அடைவதைப் பற்றி. மாதவிடாயை எப்படி முன்கூட்டியே படம் போட்டு விளக்குவது, பேட் உறுத்தினால் என்ன செய்வது, வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதையெல்லாம் தமிழில் தேடிப் பார்க்கிறேன், கைக்கு எதுவும் அகப்படவில்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்த அம்மாக்கள் யாராவது இருந்தால், நீங்கள் செய்ததைக் கொஞ்சம் எழுதுங்கள்.