டெல்கம் படகுத்துறையில் வாங்கிய இறால்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டு அலமாரியில் ‘கேஜன்’ என்று எழுதிய மசாலா டப்பா எப்போதும் ஒன்று இருக்கும். இறாலை அதில் புரட்டி எண்ணெயில் வதக்குவேன். காரம் இருக்கும், உப்பு இருக்கும், அவ்வளவுதான். கேஜன் என்பது பக்கத்து மாநிலமான லூசியானாவின் பிரெஞ்சு வழிச் சமையல். அங்கே ஒரு முறை சாப்பிட்ட இறாலின் ருசி அதில் வரவே வராது. போன செப்டம்பரில் மூன்று நாள் விடுமுறை கிடைத்ததும், இந்த முறை சமைக்கிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே மூன்றரை மணி நேரப் பயணம். லேக் சார்ல்ஸ் தாண்டியதும் இருபுறமும் வயல்கள். அறுத்த நெல்தாளிலிருந்து மறுதாம்பு பச்சையாகத் தழைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை, தஞ்சாவூர்க்காரி என்பதால். அறுவடை முடிந்த வயல்களில் தண்ணீர் கட்டி, கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறாலையும் இங்கே வளர்க்கிறார்கள். சோறும் இறாலும் ஒரே மண்ணில் விளைகிற ஊர்.

ப்ரோ பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பார்த்த ஐந்தாவது நிமிடத்திலிருந்து என்னை “ஷா” என்றுதான் கூப்பிட்டார். ‘ஷேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை இங்கே அப்படிச் சொல்கிறார்கள், நாம் ‘கண்ணு’ என்கிற மாதிரி. கேஜன் என்ற பெயருக்கே ஒரு பயணக் கதை உண்டு. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள் அகாடியர்கள். 1755-இல் ஆங்கிலேயர்கள் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தத் தொடங்கினார்கள். எங்கெங்கோ அலைந்து, பத்து வருடம் கழித்து ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினார்கள். அகாடியன் என்பது தேய்ந்து கேஜன் ஆனது. பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காகத் தன் அம்மாவைத் தண்டித்தார்கள் என்று அந்த அம்மாள் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. மொழி போனாலும் அடுப்படியில் சொற்கள் தங்கிவிட்டன. ரூ (கொழுப்பில் வறுத்த மாவு), எட்டூஃபே (இறால் குழம்பு மாதிரி), பூடான் (சோறும் இறைச்சியும் அடைத்த குடல்) எல்லாம் அவர் வாயில் இன்னும் பிரெஞ்சாகவே வருகின்றன.

“இறால் வேண்டுமென்றால் கடைக்குப் போகாதே, டெல்கம் போ” என்றார். எழுத்தில் டெல்காம்ப்ரே, பேச்சில் டெல்கம். தெற்கே முக்கால் மணி நேரம். சின்ன ஊர். வெர்மிலியன் விரிகுடாவுக்குப் போகும் கால்வாயை ஒட்டிப் படகுகள் நிற்கின்றன. பிடித்தவர்களிடமே நேராக வாங்கலாம். மே மாத வாக்கில் பழுப்பு இறால், ஆகஸ்டுக்கு மேல் வெள்ளை இறால். எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை, தலையோடு, மீசைகூட ஒடியாமல்.

எடை போட்டுக்கொண்டே படகுக்காரர் எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “உங்கள் ஊர் இறால்தான் எங்கள் விலையை இறக்கிவிட்டது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் பெரும்பகுதி இறக்குமதி. அதில் முதலிடம் இந்தியாவுக்கு, அதிலும் முக்கியமாக ஆந்திரப் பண்ணைகளுக்கு. எனக்கு நாகப்பட்டினம் பக்கத்து இறால் குட்டைகளும், அதை நம்பிக் கடன் வாங்கியவர்களும் நினைவுக்கு வந்தார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த ஐஸ் பெட்டி நிறைய வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அந்த அம்மாளின் அடுப்படியில்தான் விஷயம் பிடிபட்டது. நான் வழக்கம்போல் தலையைக் கிள்ளிக் குப்பையில் போடப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டார். தலையையும் ஓட்டையும் ஒரு பாத்திரத்தில் வெண்ணெய் விட்டுச் சிவக்க வதக்கி, வெங்காயத்தின் முனைகள், செலரி இலை சேர்த்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினார். ஆரஞ்சு நிறத்தில் மணமான ஒரு சாறு. நான் இத்தனை வருடமாகத் தேடிய ருசி அதில்தான் இருந்தது.

அடுத்தது மிளகு. எரிகிற காரத்தைக் கேஜன் சமையலின் அடையாளமாக உலகம் நினைப்பதற்கு ஒரு காரணம் பால் புருடோம் என்ற சமையல்காரர். லூசியானாவின் ஒபெலூசாஸ் ஊருக்குப் பக்கத்தில் பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1940-இல் பிறந்தவர். 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்து, மீனை வெண்ணெயில் தோய்த்து மசாலா தடவி, காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கிக் கொடுத்துப் புகழ்பெற்றார். “எங்கள் அம்மா சமையலில் அவ்வளவு காரம் கிடையாது” என்றார் வீட்டுக்கார அம்மாள். ஆனால் புருடோம் பிரபலமாக்கிய மூன்று மிளகு முறையை அவரும் விடவில்லை. கேயென் மிளகாய்த் தூள் உதட்டில் சட்டென்று பிடிக்கிறது. கருமிளகு வாய் முழுக்கப் பரவுகிறது. வெள்ளை மிளகு விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஏறுகிறது. ஒன்று அடங்கும்போது இன்னொன்று வருகிறது.

ஹூஸ்டன் திரும்பி நான் செய்யும் கணக்கு இது. தலையோடு இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம் இறால். சுத்தம் செய்தால் பாதிக்குச் சற்று மேல் தேறும். பாப்ரிக்கா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள் 2 தேக்கரண்டி, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, உப்பு தலா 1, கேயென், கருமிளகு, வெள்ளை மிளகு, தைம், ஓரிகானோ என்ற காய்ந்த வாசனை இலைகள் தலா அரை. பாதியை இறாலில் பிசறிக் கால் மணி நேரம் வைப்பேன். கனமான இரும்புச் சட்டியில் எண்ணெயும் வெண்ணெயும் விட்டு, இறாலை நெருக்காமல் பரப்பி, பக்கத்துக்கு ஒரு நிமிடம். முக்கால் வேக்காட்டில் எடுத்துவிட வேண்டும்.

அதே சட்டியில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய். கத்தோலிக்கர்களான கேஜன்கள் இந்த மூன்றையும் ‘பரிசுத்தத் திரித்துவம்’ என்றே சொல்கிறார்கள். மீதி மசாலாவை இவை வதங்கித் தண்ணீர் விட்ட பிறகுதான் போட வேண்டும். முதல் தடவை காய்ந்த சட்டியில் நேராகப் போட்டுவிட்டேன். பூண்டுப் பொடி கருகி எல்லாம் கசந்துபோனது. அப்புறம் நசுக்கிய பூண்டு, இறால் சாறு ஒரு கோப்பை. அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டுப் பாதியாக வற்றவிட்டு, இறாலைத் திரும்பப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைக் கலக்கினால் குழம்பு பளபளவென்று திரளும். மேலே வெங்காயத்தாள். இறால் அரைவட்டமாக வளைந்திருக்க வேண்டும், முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்தான். கேயென் கிடைக்காவிட்டால் நம் மிளகாய்த் தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம். கறிவேப்பிலை கிள்ளிப் போடக் கை துடிக்கும், தயவுசெய்து போடாதீர்கள். தைமின் வாசனை அதில் அமுங்கிவிடும்.

சூடான சோற்றில் இதைப் போட்டுச் சாப்பிட்டு முடித்த அன்று இரவு, ப்ரோ பிரிட்ஜுக்கு ஃபோன் செய்தேன். நன்றாக வந்தது என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “தலையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தாயா, ஷா?”