மான் அடியும் அடம்பன் இலையும்

இராமநாதபுரத்திலிருந்து சித்த மருத்துவம் படிக்கத் திருகோணமலைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கடல் கடந்தாலும் மொழி மாறாத ஊர் என்று எண்ணியே வந்தேன். மொழி மாறவில்லைதான். ஆனால் நான் ஏடுகளில் மட்டும் படித்திருந்த சொற்கள் இங்கே அடுப்படியிலும் கடைத்தெருவிலும் அன்றாடம் புழங்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

சென்ற சனிக்கிழமை காலையில் சளியோடு எழுந்தேன். நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா, "பிள்ளை, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவிச்சு வைச்சிருக்கிறன், குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். நாங்கள் சுக்கு என்பதே இங்கு வேர்க்கொம்பு. எங்கள் சோம்பு இவர்களுக்குப் பெருஞ்சீரகம்; பூண்டு, உள்ளி. மருந்துச் சரக்குகளின் பட்டியலில் நான் வருந்தி மனப்பாடம் செய்த பெயர்களை இந்த அம்மா சமையலறையில் நின்றபடி இயல்பாகச் சொல்கிறார்.

அன்றைய மூலிகைப் பாடம் நிலாவெளிக் கடற்கரையில் நடந்தது. மணலில் படர்ந்து கிடந்த ஒரு கொடியைக் காட்டி, "இதுதான் அடம்பன்" என்றார் ஆசிரியர். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை இங்கு சிறுபிள்ளைகளும் அறிவார்கள். அதன் பொருள் கொடியை இழுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்ததால், மெல்லிய அந்தத் தண்டு அசைந்து கொடுக்கவே இல்லை. காற்றில் பறக்க வேண்டிய மணலை அதுவே பிடித்து வைத்திருக்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. தடித்த அந்த இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. மூட்டு வீக்கத்துக்கு அதை வதக்கிக் கட்டுவது பழைய வழக்கம். எங்கள் ஊர்க் கரையிலும் இதே கொடிதான் கிடக்கிறது. இத்தனை நாள் பெயர் கேட்காமல் அதை மிதித்து நடந்திருக்கிறேன் என்பது மனத்தை உறுத்தியது. ஓர் இலையைக் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

நண்பகலில் கன்னியா வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனோம். சிறிய கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இலங்கையில் எரிமலை கிடையாது. பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கும் நிலத்தடி நீர்தான் அங்கே சூடேறி மேலே வருகிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்பது ஐதிகம். இறந்தவர்களுக்காக முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காக இன்றும் குடும்பங்கள் இங்கு வருகின்றன என்பதை அறிந்த பிறகு, வேடிக்கை பார்க்கும் மனநிலை எனக்குப் போய்விட்டது.

மாலையில் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறினோம். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையை எழுப்பினார்கள். இன்றுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. சம்பந்தர் இராமேச்சுரத்தில் இருந்தபடியே கோணமாமலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கரையிலிருந்து வந்த நான், இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் அருகே நின்று, அடியில் அலை மோதும் ஓசையைக் கேட்டபடி அந்தப் பதிகத்தை முழுவதும் சொல்லி முடித்தேன். இந்த ஊருக்கு வந்ததன் நிறைவை அந்த மாலையில்தான் முழுதாக உணர்ந்தேன்.

திரும்பி இறங்கும்போது கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் பெய்த மழையில் நனைந்திருந்த மண்ணில் அவற்றின் குளம்புத் தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. அடம்பனை அடும்பு என்று சொல்லி, அதன் இலையை மானின் அடிக்கு ஒப்பிடும் குறுந்தொகைப் பாட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டைத் திறந்து, வாடத் தொடங்கியிருந்த இலையை எடுத்து ஒரு தடத்தின் பக்கத்தில் வைத்தேன். இலை சற்றுப் பெரிது. நடுவில் இருந்த பிளவு அச்சு அசலாக அப்படியே இருந்தது.